குறைவாக வை, பத்திரமாக வை



இந்த மாதப் பாடம் கணினிப் பாதுகாப்பு. "இது கணினி படிச்சவங்களுக்கு உள்ள விஷயம்"னு பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் கிளைகளில் கணக்கு எழுதுகிற, பாரம் நிரப்புகிற எல்லாருக்கும் இது தேவை.

சுவா வட்டாரத்தில் நாங்கள் உதவித்தொகைப் பாரங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். பேரனுக்கு உதவி வேண்டும். அடையாள அட்டையைக் கேட்டோம். "எதுக்கு ஐயா?" என்றுகூடக் கேட்கவில்லை. சுருக்குப்பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டார். வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுத்தார். எல்லாவற்றையும் ஆலய ஸ்டோர் அறையில் இருந்த பழைய மடிக்கணினியில் ஏற்றினோம்.

சில மாதம் கழித்து அந்தக் கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. திறந்து பார்த்தால், எப்போதோ பழுது பார்க்க வந்த ஒருவர் போட்டுவிட்டுப் போன மென்பொருள் உள்ளே இருந்தது. வெளியிலிருந்தே கணினியை இயக்க உதவும் மென்பொருள் அது. யாரும் பயன்படுத்தவில்லை, யாரும் மூடவும் இல்லை. "அண்ணே, இது வழியா யாராச்சும் வந்திருப்பாங்களா?" என்று ஒரு தம்பி கேட்டான். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டியின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று கற்றுக்கொண்டதுதான் இந்தப் பாடம்: கணினியில் இல்லாத ஒன்றை யாராலும் உடைக்க முடியாது.

லயத்து வீட்டுக்கு முன்கதவு ஒன்று, பின்கதவு ஒன்று. இரவில் இரண்டையும் தாழ்ப்பாள் போட்டால் தூங்கிவிடலாம். பத்துக் கதவு இருந்தால், பத்தையும் ஞாபகமாகப் பூட்ட வேண்டும். கணினியில் ஓடும் ஒவ்வொரு சேவையும் ஒரு கதவுதான்.

உலகம் பட்ட பாட்டைப் பாருங்கள். 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாகிரை' என்ற தீநிரல் பரவி, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேலான கணினிகளைத் தாக்கியது. அது நுழைந்த வழி, விண்டோஸில் கோப்புகளைப் பகிர்வதற்கென்று இருந்த ஒரு பழைய சேவை. அந்தக் குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தம் போடாத கணினிகள் மாட்டிக்கொண்டன. அவற்றில் பலவற்றுக்கு அந்தப் பழைய சேவை தேவைப்பட்டதே இல்லை.

லினக்ஸ் என்றால் மட்டும் தப்பிவிடுமா? இல்லை. 2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச் சேவை அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து அவர் தோண்டிப் பார்த்திருக்கிறார். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு நிரல் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒரு கள்ளக்கதவு வைத்திருந்தார்கள். உண்மையில் எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. டெபியன், ஃபெடோரா போன்றவை ஒரு வசதிக்காகச் சேர்த்திருந்த கூடுதல் இணைப்பு வழியாகத்தான் அது உள்ளே வந்தது. டெபியனின் சோதனைப் பதிப்புகள் சிக்கின. நிலையான பதிப்பு தப்பியது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. தேவையில்லாத இணைப்பு வேண்டாம். புத்தம்புதிது என்பதற்காக ஓடவும் வேண்டாம்.

இனி செய்முறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் ஓரங்கட்டப்பட்ட மடிக்கணினி உங்கள் கிளையிலும் இருக்கும். 64 பிட் கணினியாக, 4 ஜிபி நினைவகத்தோடு இருந்தால் தாராளமாகப் போதும்.

1. முதலில் எல்லாக் கோப்புகளையும் இரண்டு பென்டிரைவில் நகல் எடுங்கள். நிறுவும்போது வட்டில் உள்ளது எல்லாம் அழிந்துபோகும்.

2. டெபியனின் சொந்தத் தளத்திலிருந்து 'நெட்இன்ஸ்ட்' கோப்பை இறக்குங்கள். 1 ஜிபிக்கும் குறைவுதான். கூடவே தரப்படும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பென்டிரைவில் ஏற்றுங்கள். நண்பர் கொடுத்த நகல் வேண்டாம்.

3. நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லை வெறுமையாக விடுங்கள். அப்போது உங்கள் பயனர் கணக்குக்கே 'சூடோ' அதிகாரம் கிடைக்கும்.

4. வட்டைப் பிரிக்கும் கட்டத்தில், முழு வட்டையும் மறைகுறியாக்கும் தெரிவை எடுங்கள். கணினி களவு போனாலும், அணைந்திருக்கும் வட்டைக் கடவுச்சொற்றொடர் இல்லாமல் படிக்க முடியாது. அதை மறந்தால் உங்களாலும் முடியாது! தாளில் எழுதி, உறையிலிட்டு, தலைவரிடம் ஒன்று, செயலாளரிடம் ஒன்று என்று பூட்டி வையுங்கள். சுவரில் ஒட்டாதீர்கள்.

5. மென்பொருள் தேர்வுப் பட்டியல் வரும்போதுதான் கவனம் தேவை. க்னோம் குறியை எடுத்துவிட்டு, எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ-யை மட்டும் தேர்ந்தெடுங்கள். இணையச் சேவையகம், எஸ்எஸ்எச் இரண்டும் வேண்டாம்.

6. நிறுவி முடித்ததும் முனையத்தைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'சூடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன்' என்று தட்டுங்கள். எந்தெந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பட்டியல் வரும். பெரும்பாலும் 5353 என்ற எண்ணில் 'அவாஹி' நிற்கும். பக்கத்தில் உள்ள அச்சுப்பொறிகளைத் தேடித்தரும் சேவை அது. தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள். 631-இல் நிற்பது அச்சிடும் சேவை. ரசீது அச்சடிக்கிறீர்களா? இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் "நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேளுங்கள். பதில் தெரியாததை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே கை வையுங்கள்.

7. 'யூஎஃப்டபிள்யூ' என்ற தீயரணை நிறுவி இயக்குங்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை அது தானாகவே மறுக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக ஏறுவதற்கு 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' தொகுப்பையும் போடுங்கள்.

8. தமிழில் தட்ட 'ஐபஸ்-எம்17என்' போதும். தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு.

முதல் நாள் தடுமாற்றமாகத்தான் இருக்கும். எங்கள் பொருளாளர் "பழைய எக்செல் எங்கேப்பா?" என்று முறைத்தார். லிப்ரெஆஃபிஸில் அவருடைய கணக்கைத் திறந்து காட்டியதும்தான் முகம் மலர்ந்தது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எவ்வளவு நல்ல கதவு போட்டாலும், நாமே திறந்துவிட்டால் பயனில்லை. வங்கியிலிருந்து பேசுகிறேன், போலீஸிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது டேக் எண்ணைக் கேட்டால், எந்த லினக்ஸும் காப்பாற்றாது. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே 997-ஐ அழையுங்கள். இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

அதுபோலவே, குறைக்க வேண்டியது மென்பொருளை மட்டுமல்ல. உதவித்தொகை கொடுத்து முடிந்த பிறகும் அடையாள அட்டை நகல் எதற்கு? நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, வேலை முடிந்த நகல்களை அழித்தோம். அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போய், நடந்ததையும் சொன்னோம். "சொல்லிட்டீங்கள்ல, போதும் ஐயா. இனிமே பாத்துக்குங்க" என்றார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கிளைக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. நம் கிளைக் கணினியில் யாருடைய விவரங்கள் இருக்கின்றன? அவற்றில் எவை இன்னும் தேவை?

2. அந்தக் கணினியின் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏன்?

3. கடந்த ஓராண்டாக யாரும் தொடாத மென்பொருள்கள் எவை?

மூன்றாவது கேள்வியை இன்றைக்கே தொடங்கலாம். ஒன்றை நீக்குங்கள். ஒரு கதவு குறையும்.