பாட்டியின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும் பல் டாக்டரும்

ஹாஸ்டல் ஹீட்டர் காயில்ல வெள்ளையா உப்பு படிஞ்சு பார்த்திருப்பீங்க. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் போர்த் தண்ணியில குளிக்கிறவங்களுக்கு இது புதுசில்லை. இந்தச் சுண்ணாம்புப் படிவைத் தடுக்க ஆலைகளில் தண்ணீரோடு பாஸ்பேட் வகைப் பொருள்களைக் கலப்பது பழைய வழக்கம். அதே வேதியியலைப் பிடித்துத்தான் 1960-களில் சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் பிளெய்ஷ் குழுவினர் எலும்புக்கு மருந்து தேடினார்கள். கிடைத்தது பிஸ்பாஸ்போனேட். கால்சியம் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

எலும்பு எப்போதும் பராமரிப்பு வேலை நடக்கிற கட்டடம். ஒரு வகை செல் பழசை இடிக்கும், இன்னொன்று புதுசு கட்டும். மாதவிடாய் நின்ற பிறகு இடிக்கிற வேகம் கூடிவிடும். மருந்து அந்த இடிக்கிற ஆளை முடக்குகிறது. இடுப்பு முறிவு குறைகிறது. நல்லதுதானே?

நல்லதுதான். ஆனா தாடை கொஞ்சம் வேற மாதிரி. மெல்லுகிற பாரம் தினமும் விழும், மேலே ஈறு மெல்லிசு, சுற்றிலும் கிருமி. பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழியில் பழைய எலும்பைச் சுத்தம் செய்துதான் புதுசு வளரணும். சுத்தம் செய்ய ஆளே இல்லையென்றால்? புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும், செத்துப்போகும். தாடைக்குக் கதிர்வீச்சு வாங்காதவருக்கு 8 வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால்தான் மருந்தால் வந்த தாடைச் சிதைவு என்பார்கள். மியாமியின் ராபர்ட் மார்க்ஸ் 2003-ல் 36 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகே உலகம் இதைக் கவனித்தது.

இதற்கு ஒரு தாத்தா உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சி செய்த தொழிலாளிகளுக்கும் தாடை அழுகியது. 1888-ல் லண்டன் தீப்பெட்டிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தப் பயமும் கூடவே இருந்தது. இந்தியாவில் 1913-லேயே சட்டம் போட்டு அந்தப் பாஸ்பரஸைத் தடுத்தார்கள். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வந்தது 1920-களில், தப்பித்தோம்.

பயந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. எலும்புத் தேய்மானத்துக்குச் சாப்பிடுகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இது வருகிறது. புற்றுநோய் எலும்புக்குப் பரவி, மாதாமாதம் சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப் ஏற்றுகிறவர்களுக்கு அபாயம் பல மடங்கு அதிகம்.

நம்ம ஊரில் நிஜமான சிக்கல் வேற. எலும்புக்கு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி, பல்லுக்குத் திண்டிவனத்தில் ஒரு கிளினிக். இரண்டு சீட்டும் சந்திப்பதே இல்லை. பாட்டியிடம் "என்ன மாத்திரை?" என்று கேட்டால் "சுகருக்கு, பிரஷருக்கு" என்பார். வாரம் ஒரு நாள் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரம் படுக்காமல் உட்காரச் சொல்கிற மாத்திரை இருக்கா என்று நீங்களே கேளுங்க. வருஷத்துக்கு ஒருமுறை டிரிப் போட்டிருந்தால் வீட்டில் மாத்திரை அட்டையே இருக்காது, அதையும் கேளுங்க. பல் பிடுங்குவதற்கு முன்னால் அந்தச் சீட்டைப் பல் டாக்டரிடம் காட்டணும். மருந்தே இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், ஆடுகிற பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் முதலில் பார்த்து முடிப்பது உத்தமம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியிலும் இதே அபாயம் உண்டு. அந்த ஊசியை இஷ்டத்துக்குத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு நொறுங்கலாம். அதனால் எந்த மாதம் பல் பிடுங்குவது என்பதை எலும்பு டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். போன் போட்டுக் கொடுக்கிற வேலை உங்களுடையது.