பிள்ளைகளின் பல்லும் குடிக்கும் தண்ணீரும்



எரிகோ பட்டணத்தார் எலிசாவிடம் வந்தபோது ஊரைக் குறை கூறவில்லை, தண்ணீரைத்தான் கூறினார்கள் (2 இராஜாக்கள் 2-ம் அதிகாரம்). தர்மபுரி மாவட்டத்தாரும் அப்படியே முறையிடலாம்.

கம்பைநல்லூர் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மருத்துவக் குழுவோடு சென்றிருந்தோம். நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டாள். முன்பற்களில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைத் திட்டுகள், குறுக்கே பழுப்புக் கோடுகள். பல் துலக்காமல் வருகிறாள் என்று வகுப்பில் திட்டு வாங்கியிருக்கிறாள். தாயாரோ, "செங்கப்பொடி போட்டுக்கூட தேச்சுப் பாத்துட்டேன் ஐயா, போகமாட்டேங்குது" என்று கண்கலங்கினார்கள்.

போகாது. அது அழுக்கல்ல. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்துவரும் புளோரைடு என்ற உப்பின் வேலை அது. செங்கல்பொடி பல்லைத் தேய்க்குமேயன்றிக் கறையை எடுக்காது. சொற்ப அளவு புளோரைடு பற்சொத்தையைத் தடுக்கும்; பற்பசையில் சேர்ப்பதும் அதனால்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை நம் நாட்டுத் தரவிதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் முதலில் பல்லிலும், பல வருடம் குடித்தால் எலும்பிலும் படிகிறது. முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போன பெரியவர்களை அப்படித்தான் காண்கிறோம். 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் பகுதியில் மருத்துவர்கள் இந்த வியாதியைக் கண்டு எழுதினார்கள்.

பெற்றோர் முக்கியமாக அறியவேண்டியது ஒன்று. நிலைப்பற்கள் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் உருவாகும்போதே கறை பிடித்துவிடுகிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று நான்கு வருடங்களே ஆபத்துக் காலம். பள்ளிக்கு வரும்போது நாம் பார்ப்பது கைக்குழந்தையாய்க் குடித்த தண்ணீரின் விளைவு. எட்டு வயதுக்குமேல் புதிதாகக் கறை பிடிப்பது அரிது.

காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகும். கிருமிக்காகக் காய்ச்சச் சொல்லிவந்த நாங்களே இதைப் பிந்தித்தான் கற்றோம்.

ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவருகிறது. இது பெரிய உபகாரம். ஆனாலும் குழாயில் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றையே நாடுகிறார்கள். துணி துவைக்க, குளிக்க அது போதும். குடிக்கவும் களி கிண்டவும் ஒகேனக்கல் தண்ணீரைத் தனியே பிடித்துவைக்க வேண்டும். கேழ்வரகை விட்டுவிட வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பைத் தாங்குகிறது. அந்தச் சத்துக் குறைந்த பிள்ளைகளைத்தான் இந்நோய் அதிகம் வாட்டுகிறது.

வெயில் காலத்தில் பிள்ளை அதிகம் குடிக்கும், ஆகவே கெட்ட நீரானால் கேடும் அதிகம். அதற்காகத் தண்ணீரைக் குறைக்கக்கூடாது. புத்தகப்பை கனக்கிறது என்று சில தாய்மார் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிடுகிறார்கள். பிள்ளை அடிபம்பில் குடிக்கிறது. பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிஞ்சலாகாது என்று 2020-ல் மத்திய அரசின் கொள்கையும் கூறுகிறது. நோட்டுகளைக் குறையுங்கள், பாட்டிலை அல்ல.

அந்தச் சிறுமியின் பற்களைப் பல் வைத்தியர் பூச்சு வைத்து மறைக்கலாம். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கென்று தாயார் இப்போது தனிக்குடத்தில் ஒகேனக்கல் தண்ணீர் பிடித்துவைக்கிறார்கள்.