லேப்டாப் எங்கண்ணே?

பங்குனி மாதம். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோயில் திருவிழாக் கச்சேரி. மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். குழுவுக்குப் புதிதாக வந்திருந்த தம்பி என் கிட்டார் பிராசஸரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "லேப்டாப் எங்கண்ணே?" என்றான். கொண்டுவரவில்லை என்றேன். "அப்ப பேட்ச்செல்லாம் எப்படி மாத்துவீங்க?" பேட்ச் என்றால் பிராசஸர் பெட்டிக்குள் சேமித்துவைத்த டோன்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்குப் பிராசஸர் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது யூட்யூப் வீடியோ. அதில் எல்லோரும் கம்ப்யூட்டர் திரையில் மவுஸை இழுத்துத்தான் டோன் செய்து காட்டுகிறார்கள். ஆனால் யூஎஸ்பி என்ற ஒன்றே 1996இல்தான் வந்தது. பாஸ் கம்பெனியின் எம்இ-5 பிராசஸர் வந்தது 1988இல். தொண்ணூறுகளில் ஊரெல்லாம் புழங்கிய ஜூம் கம்பெனியின் 505இல், காட்டுவதற்கு இரண்டே எழுத்து இடம். அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டே டிலே, கோரஸ், டிஸ்டார்ஷன் எல்லாவற்றையும் குனிந்து உட்கார்ந்து திருத்தினார்கள். கம்ப்யூட்டர் இந்தக் கதைக்குள் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி.

கம்ப்யூட்டரில் செய்த டோன் இன்னும் துல்லியமாக இருக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. சத்தத்தைப் பிசைந்து உருவாக்குவது பெட்டிக்குள் இருக்கும் சிப். திரையில் ஓடும் சாஃப்ட்வேர் அதற்கு ரிமோட் மாதிரி. மவுஸால் கெயினை 42க்கு நகர்த்தினாலும் விரலால் நாப்பைத் திருகி 42க்குக் கொண்டுவந்தாலும் உள்ளே போவது அதே எண்தான். பெரிய திரையில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும் என்பது வசதி, அவ்வளவுதான்.

"வீட்ல நைட்டு உக்காந்து பக்காவா செட் பண்ணிட்டேண்ணே, இங்க தொட வேண்டியதே இல்ல" என்றான் தம்பி. இதைத்தான் நான் ஏற்கவே மாட்டேன். மேடையில் பாதிப் பேர் சத்தம் கெடுவது இங்கேதான்.

காரணம் பெட்டியில் இல்லை, காதில் இருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு அடிச்சத்தமும் உச்சச் சத்தமும் மங்கலாகவே கேட்கும். சத்தம் ஏற ஏற அவை முன்னே வரும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பாமல், ஹெட்போனில் மெதுவாக வைத்து டோன் செய்கிறவன் என்ன செய்வான்? பேஸ் போதவில்லை என்று ஏற்றுவான், ட்ரெபிளையும் ஏற்றுவான். நடுவில் இருக்கும் மிட் மூக்கடைத்த மாதிரி கேட்கிறது என்று குறைப்பான். அதே பேட்ச்சைக் கோயில் வாசலில் ஆளுயர ஸ்பீக்கர்களில் விட்டால் அடி கும்மும், உச்சி கீச்சிடும். கிட்டாரின் உயிர் இருக்கும் மிட்டோ கீபோர்டுக்கும் ரிதம் பேடுக்கும் நடுவில் காணாமல் போகும். கிட்டார்காரன் கை அசைவது தெரியும், சத்தம் வராது. மிக்ஸர்காரர்தான் திட்டு வாங்குவார்.

தம்பிக்கு அன்றைக்கு அதுதான் நடந்தது. அவனுடைய பெட்டியை வாங்கி, திரையில் ஆம்ப் என்ற பக்கத்தைத் திறந்து, பேஸைக் கணிசமாக இறக்கி மிட்டை ஏற்றினேன். மூன்று நாப், ஒரு நிமிடம். அப்படியும் டிஸ்டார்ஷன் மட்டும் தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி இருந்தது. மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் அவுட்புட் கிட்டார் ஆம்ப்புக்குப் போவதாக வைத்திருக்கிறான். நம் கச்சேரிகளில் ஆம்ப் எங்கே இருக்கிறது? பெட்டியிலிருந்து ஒயர் நேராக மிக்ஸருக்குப் போகிறது. கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் உச்சக் கீச்சலைத் தானே வடிகட்டிவிடும். மிக்ஸருக்குப் போகும்போது அந்த வடிகட்டல் கிடைக்காது. அதைப் பெட்டியே போலியாகச் செய்தாக வேண்டும். அவுட்புட்டை லைன் என்று மாற்றியதும் மணல் நின்றது. இதெல்லாம் வீட்டு லேப்டாப்புக்குத் தெரியாது. எந்த மேடை, எந்த ஸ்பீக்கர் என்று அதற்கு யார் சொல்வது?

பல பிராசஸர்களில் குளோபல் ஈக்யூ என்று ஒன்று இருக்கிறது. பேட்ச்சுகள் எல்லாமே கும்மினால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். அந்த ஒரே இடத்தில் அடியை வெட்டினால் போதும். அடுத்த ஊரில் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

தொட்டால் கம்பெனி வைத்த டோன் அழிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது பெட்டிக்குப் பெட்டி மாறும். பாஸ் ஜிடி-1இல் கம்பெனி பேட்ச் 99ம் தனி, நம்முடையவை 99ம் தனி. கம்பெனியுடையதை அழிக்கவே முடியாது. ஜூம் ஜி1எக்ஸ் ஃபோரில் மொத்தம் 50தான், எல்லாவற்றின் மேலும் எழுதலாம். அதில் ஆட்டோ சேவ் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் சும்மா திருகிப் பார்த்ததும் பதிவாகிவிடும். அப்போதும் பயமில்லை, கம்பெனி நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறது. எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். ஒருமுறை சவுண்ட் செக்கில் சோலோ பேட்ச்சை அருமையாகத் திருத்திவிட்டு, சேமிக்காமல் அடுத்த பேட்ச்சை மிதித்தேன். திரும்பி வந்தபோது பழைய டோன் அப்படியே உட்கார்ந்திருந்தது. பாட்டு முழுக்க அதோடுதான் வாசித்தேன்.

பாஸ் எம்இ-80 போல நாப் நிறைய உள்ள பெட்டிகளில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. நாப் எங்கே நிற்கிறதோ அதுதான் டோன் என்று தோன்றும். சேமித்த பேட்ச்சை அழைத்தால் சத்தம் மாறும், நாப் மாறாது. தெரியாமல் லேசாகத் தொட்டால் அது நிற்கும் இடத்துக்குச் சத்தம் தாவும். சரிபார்க்கக் கண் உதவாது, காதுதான்.

மேடையில் பாடகர் சுருதி மாற்றுவார், ரிதம்காரர் வேகத்தைக் கூட்டுவார். வேகம் மாறினால் டிலேயையும் அங்கேயே மாற்ற வேண்டும். நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஒரு அடிக்கு 600 மில்லிசெகண்ட். அதன் முக்கால் பங்கு 450. டிலேயை அங்கே வைத்தால் பாட்டோடு பின்னிக்கொள்ளும். கணக்கு வராதவர்கள் டாப் டெம்போ பட்டனைத் தாளத்துக்கு மிதித்தால் போதும், பெட்டியே பிடித்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெட்டியின் உள் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கவும், மொத்தப் பேட்ச்சையும் பத்திரமாக எடுத்துவைக்கவும், ஜூமில் புது எஃபெக்ட்டுகளை ஏற்றவும் அது வேண்டும். அதையெல்லாம் கச்சேரி இல்லாத நாளில் செய்துகொள்ளலாம். ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்கும் மேடையில் வேண்டாம். அடாப்டர் பற்றியும் ஒரு வார்த்தை: பாஸ், ஜூம் பெட்டிகள் பலவற்றுக்கு 9 வோல்ட்டில் நடுமுனை மைனஸாக இருக்க வேண்டும். மோடத்தோடு வந்த அடாப்டர் பொருந்துகிறதே என்று சொருகிவிடாதீர்கள்.

தம்பி கிளம்பும்போது என் பாட்டு லிஸ்ட் நோட்டைப் புரட்டினான். பின்னட்டைப் பக்கங்களில் பேட்ச் விவரம்தான் எழுதியிருப்பேன். ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டான். அதில் இருந்தது: "சோலோ. கெயின் 42, பேஸ் 30, மிட் 62, டிலே 450. லெவல் மத்ததை விட ஆறு கூட. கோயில் வாசல், ரெண்டு பக்கமும் பெரிய பாக்ஸ்."