மாத்திரையை நிறுத்தலாமா?

"அழுத்தம் சரியாகிவிட்டது, மாத்திரையை விட்டுவிட்டேன்." மருத்துவம் பயிலும் நான் நோயாளிகளிடம் அடிக்கடி கேட்கும் சொல் இது. கேட்பதற்கு முறையாகவே தோன்றும். காய்ச்சல் தணிந்தபின் அதற்குரிய மருந்தை யாரே தொடர்ந்து உட்கொள்வர்? ஆயின், இரத்தக் கொதிப்பு காய்ச்சல் போன்றதன்று.

ஆற்றுக்குக் கரை எழுப்பியதால் ஊர் நனையாதிருக்கிறது. ஊர்தான் நனையவில்லையே என்று கரையை வெட்டுவார் உண்டோ? மாத்திரையும் அத்தகைய கரையே. பெரும்பாலோர்க்கு இந்நோயின் காரணம் ஒன்றன்று. மரபு, வயது, உப்பு, உடற்பருமன் எனப் பல கூடி நிற்கும். மருந்து அழுத்தத்தை அடக்கும், அவற்றைக் களையாது.

நிறுத்தினால் நேர்வது இருவகை. முதலாவது, மெல்லத் திரும்புதல். அம்லோடிபின், சிறுநீர் பெருக்கிகள் முதலியவற்றை விட்டோர்க்குச் சில நாளிலோ வாரங்களிலோ அழுத்தம் மீண்டும் ஏறும். பெரும்பாலும் வலியில்லை, வேறு அறிகுறியும் இல்லை. எனவே தாம் நலமென்றே எண்ணியிருப்பர்.

இரண்டாவது, சீறி எழுதல். குளோனிடின் என்னும் மருந்து மூளையிலிருந்து நரம்பு வழியே செல்லும் முடுக்கத்தைத் தணிப்பது. அதனைத் திடீரென நிறுத்தின், அடங்கியிருந்த நரம்புகள் நார்அட்ரினலினை மிகுதியாகச் சுரக்கும். ஓரிரு நாளிலேயே அழுத்தம் முன்னிருந்த அளவையும் கடக்கலாம். அட்டினலால் போன்ற பீட்டா தடுப்பிகளை நெடுநாள் உண்டால், இதயம் தன் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்ளும். அவற்றைச் சட்டென விட்டால், இதயநோய் உள்ளோர்க்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட நேரலாம்.

மருந்தின் அருமையை வரலாறு சொல்லும். 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் மூளைக் குருதிக் கசிவால் மாண்டார். அன்று அவரது அழுத்தம் 300/190. அந்நாளில் தக்க மாத்திரை இல்லை. 1949-இல்தான் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைப்பதை பிரித்தானிய இதய மருத்துவ இதழ் வாயிலாக உலகறியச் செய்தார்.

அங்ஙனமாயின் என்றுமே நிறுத்தலாகாதோ? அப்படியும் சொல்வதற்கில்லை. நோய் சிறிதளவாய் இருந்து, உடல் எடை குறைந்து, உப்பும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்கினால், மருத்துவர் சிலருக்கு அளவைப் படிப்படியாகக் குறைப்பதுண்டு. அதன் பின்னும் அழுத்தத்தை அளந்துகொண்டே இருத்தல் வேண்டும். மாத்திரையால் தலைசுற்றலோ கால்வீக்கமோ வந்தால், மாற்று மருந்துகள் பல உள. முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும்.

நண்பர்களே, ஊரிலிருக்கும் நம் பெற்றோர் பலர் மாத்திரை தீர்ந்தால் "அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்" என்றிருப்பர். அடுத்த முறை பேசும்போது, "சாப்பிட்டீர்களா?" என்பதோடு, "மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது?" என்றும் கேளுங்கள். தொலைவிலிருக்கும் பிள்ளைகள் செய்யக்கூடிய தொண்டு இது.