வங்கக் கடலின் நிலையும் கார்த்திகைப் பயிரும்

ஐப்பசி பிறந்துவிட்டால், கடற்கரை ஒரு சாணும் இல்லாத பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் கடலைப் பற்றிய பேச்சே மிகுதியாகக் கேட்கும். வங்கக் கடலில் தாழ்வு உண்டாயிருக்கிறது என்ற செய்தி வந்தவுடனே, குடியானவர் ஒருவர் மழை நிச்சயமென்று எண்ணி, மக்காச்சோளத்துக்கு மேலுரமாக யூரியாவை இறைத்து விடுகிறார். அண்டை நிலத்துக்காரர் அதே செய்தியைக் கேட்டு, பருத்திக்கு அடிக்க வாங்கிய மருந்தைக் கட்டி வைத்து விடுகிறார். நான்கு நாள் கழிகின்றன; மழை இல்லை. முதலாமவருடைய உரம் காய்ந்த மண்ணின்மேல் கிடந்து வீணாகிறது. இரண்டாமவருடைய காயைப் புழு துளைத்துவிட்டது. இருவரும் வானிலை இலாகாவை நோகிறார்கள். செய்தியிலோ பிழை இல்லை. கடலில் தாழ்வு உண்டானது மெய்யே. அத்தாழ்வு தங்கள் நிலத்துக்கு என்ன செய்யும் என்று கணிக்கும் வகையே அவர்களுக்குத் தெரியாமற் போயிற்று. அவ்வகையை இங்கே விளக்குவோம் என்பதைவிட, அதற்கு வேண்டிய சில குறிப்புகள் இங்கே தரப்படுகின்றன என்பதே பொருந்தும்.

தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, அதாவது சராசரி 44 சென்டிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அது நாள்தோறும் சீராகப் பெய்யும் மழையன்று. கடலில் எழும் சில தாழ்வுகளும், கீழ்த்திசையிலிருந்து அலையலையாக வரும் மேகத் திரள்களுமே அதில் பெரும்பங்கைக் கொண்டு வருகின்றன. அவற்றுள் மூன்று நான்கு வழி மாறிப் போனாலும் பருவம் பொய்க்கும். 2016-ஆம் வருஷம் இப்பருவ மழை மாநில முழுமைக்கும் 62 சதவீதம் குறைந்தது. அவ்வருஷம் கடலில் புயலுக்குக் குறைவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அக்டோபரில் எழுந்த கியான்ட் என்னும் புயல் ஆந்திரக் கரைக்கு அப்பால் கடலிலேயே கரைந்தது. நாடா என்பது டிசம்பர் 2-ஆம் தேதி வலுவிழந்து காரைக்கால் அருகே வந்து சேர்ந்தது. வர்தா டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையைத் தாக்கியது. மானாவாரிக் கரிசலோ வெடித்துக் கிடந்தது. ஆகவே புயல் உண்டு என்பது ஒன்று, மழை உண்டு என்பது வேறொன்று.

கடல் மேற்பரப்பின் வெப்பம் ஏறக்குறைய 26½ டிகிரி செல்சியசுக்குக் குறையாதிருக்குமிடத்தில் ஈரக்காற்று மேலெழுகிறது. அவ்விடத்தில் காற்றழுத்தம் குறைய, சுற்றியுள்ள காற்று சுழன்று உள்ளே பாய்கிறது. தொடக்க நிலைக்குக் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று பெயர். சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் அது தாழ்வு மண்டலம். 50-ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐ எட்டினால் புயல். புயலான பின்னரே அதற்குப் பெயரிடப்படும். இப்படிகள் யாவும் காற்றின் வேகத்தைக் கொண்டு வகுக்கப்பட்டவை, மழையின் அளவைக் கொண்டு அல்ல என்பதைக் குடியானவர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பெயர் பெற்ற புயல் ஒரு தூற்றலும் தராமல் போவதுண்டு. பெயர் பெறாத தாழ்வு ஏரியை நிரப்பி விடுவதுமுண்டு.

2020-ஆம் வருஷத்து புரெவி இதற்குத் தக்க உதாரணம். அது டிசம்பர் 2-ஆம் தேதி இரவு இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கரையேறி, பின் மன்னார் வளைகுடாவில் இறங்கி, புயல் என்னும் நிலையை இழந்து, இராமநாதபுரக் கரையோரம் நகராமல் நின்றது. புயல் போயிற்றென்று பலர் கருதியிருந்த அப்பொழுதே, அதற்கு வெகு தூரம் வடக்கிலுள்ள சிதம்பரத்தில் ஒரே நாளில் 34 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாமோ வலுவில் அதற்கு மேற்பட்டது. சென்னைக்கு அருகே கடலில் தங்கி, அந்நகரை வெள்ளத்தில் ஆழ்த்தி, டிசம்பர் 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக்கு அது கரையை நெருங்கிய வழி வடக்கு.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை காற்றின் திசையில் அடங்கியிருக்கிறது. பூமியின் வடபாதியில் தாழ்வைச் சுற்றும் காற்று, கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுழலும். ஆகையால் மேற்கு நோக்கி வரும் தாழ்வின் வடபுறத்தில் கடலிலிருந்து நிலத்தை நோக்கி ஈரக்காற்று பாயும். தென்புறத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வறண்ட காற்று செல்லும். தாழ்வின் நடுவுக்கு அண்மையில் எல்லாப் பக்கமும் மழை பெய்யலாம். தொலைவிலுள்ள நிலத்துக்கே இவ்வேற்றுமை பெரிது. ஜெயங்கொண்டத்துக்குக் கடல் சுமார் 50 கிலோமீட்டர், பெரம்பலூருக்குச் சுமார் 100. (அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அந்நிலம் கடலடியாயிருந்த காலத்துப் படிவு, காரைப் பக்கத்து ஓடைகளில் சுருண்ட கடற்பிராணிகளின் கல்வடிவங்கள் இன்றும் காணப்படும். கடல் விலகிச் சென்றபோதிலும் உழவின் கணக்கு இன்னும் அதன் கையில் இருக்கிறது.)

தாழ்வு எத்திசையில் இருக்கிறது என்பதை நிலத்தில் நின்றே அறிய ஒரு வழி உண்டு. ஹாலந்து தேசத்துப் பைஸ் பாலட் என்னும் விஞ்ஞானி 1857-இல் வெளியிட்ட விதி அது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வு இடக்கைப் பக்கம், சற்றே முன்புறமாக இருக்கும். மரமும் கொட்டகையும் மறைக்காத திறந்த வயலில், காலையில் ஒரு பிடி புழுதியை உதிர்த்துப் பார்த்தாலே திசை விளங்கும். கொண்டல் வீசினால் முதுகு கிழக்கே, முகம் மேற்கே, இடக்கை தெற்கே. எனவே தாழ்வு தெற்கில் இருக்கிறது, கடலின் ஈரம் நிலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, மழையை எதிர்பார்க்கலாம். வாடை வீசினால் தாழ்வு நேர் கிழக்கே கடலில் நிற்கிறது. எப்பக்கம் திரும்புமென்று சொல்வதற்கில்லை, அடுத்த அறிவிப்புக்குக் காத்திருத்தல் நலம். கார்த்திகையில் மேல்காற்று திரும்பினாலோ தாழ்வு வடக்கே போய்விட்டது. வானம் கறுத்திருந்தாலும் அதை நம்பி உரம் இறைத்தல் கூடாது. அப்படி வடக்கே போகும் தாழ்வு ஈரத்தையும் உடன் இழுத்துச் செல்வதால், பின்னும் சில நாள் வறட்சி நீடிப்பதுண்டு.

இவ்விதி வானிலை இலாகாவின் அறிவிப்புக்கு ஈடாகாது. அவ்வறிவிப்பைத் தன் ஊருக்குப் பொருத்திப் பார்க்கவே உதவும். செய்மதிப் படமும் ராடாரும் காண்பதைப் புழுதி காட்டாது.

தாழ்வு நகரும் வேகத்தையும் கேட்டறிய வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, காற்றினால் தென்னையை வேரோடு சாய்த்துவிட்டு மேற்கே விரைந்து சென்றது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், காற்றில் கஜாவுக்கு மிகக் குறைந்ததாயினும், கரையேறிய இடத்திலேயே பல மணி நேரம் நின்றமையால் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் பெய்தது. "நகராமல் நிலைகொண்டுள்ளது" என்ற சொற்றொடர் அறிவிப்பில் காணப்பட்டால், வலுவிழந்தது என்ற சொல்லைக் கண்டு ஆறுதலடையலாகாது.

பருவம் முழுவதற்குமான குறியைப் பசிபிக் மகா சமுத்திரத்தில் தேடுவோரும் உண்டு. அதன் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்துக்கு மேல் வெப்பமடையும் எல் நினோ வருஷங்களில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவம் பெரும்பாலும் நன்றாயிருக்கும். குளிர்ந்த லா நினா வருஷங்களில் குறையும். 2015-இன் பெருவெள்ளம் முதலாவதற்கும், 2016-இன் வறட்சி இரண்டாவதற்கும் சான்று. ஆனால் 2021-இல் லா நினா இருந்தும் மழை வழக்கத்தை வெகுவாக மிஞ்சிற்று. விதை வாங்குமுன் இதை ஒரு யோசனையாகக் கொள்ளலாம். இதை நம்பிக் கடன் வாங்கலாகாது.

அறிவிப்பின் சொற்களுக்கும் அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால், ஒரு பிரதேசத்து மழைமானி நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாத இடங்களில் பெய்யும் என்பதே பொருள். நாலில் மூன்று பங்கு நிலம் நனையாமலே இருக்கலாம். "பெரும்பாலான இடங்களில்" என்பது நாலில் மூன்று பங்குக்கு மேல். கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல். மிகக் கனமழை 115.6 முதல், அதி கனமழை 204.5 முதல். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை என்பது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். இதன்படி கணக்கிட்டால், மிகக் கனமழை நாளில் ஏக்கருக்கு நாலரை லட்சம் லிட்டருக்கு மேல் வடிய வேண்டியிருக்கும். வேப்பந்தட்டை, குன்னம் பக்கத்துக் கரிசல் அதைக் குடித்து விடாது.

ஆதலால் மக்காச்சோளத்துக்கு மேலுரம், மழை வருமுன் இடுவதைக் காட்டிலும், பெய்து வடிந்து மண் பதமானபின் இடுவதே சிக்கனம். கனமழைக்குப் பின் வேர்ப்பகுதியில் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றால் இளம் பயிர் மஞ்சளாகும். சரிவைப் பார்த்து வடிகால் வாய்க்காலை ஐப்பசிக்கு முன்னரே வெட்டி வைத்தவர் பிழைப்பார். சின்ன வெங்காயம் மேட்டுப்பாத்தியில் இருப்பின் அழுகலுக்குத் தப்பும். பருத்திக்கு மருந்தடிப்பதானால் அறிவிப்பில் அன்றைக்கு மழையில்லை என்பதோடு, வயலில் காற்று அடங்கியிருக்கிறதா என்றும் பார்த்து அடிக்க வேண்டும். திருமானூர், தா.பழூர்ப் பகுதியில் முற்றிய கதிருக்கு, கொண்டல் தொடங்கிய பிறகு அறுவடையை ஒத்திப் போடுவது ஆபத்து.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியது ஏரிக்கரையும் கலிங்கும் ஓடைப் பாலமுமாகும். 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியுமுன், மருதையாற்றில் வந்த வெள்ளம் அரியலூர் அருகே ரயில் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோடையில் மணலாய்க் கிடக்கும் ஆறு அது. சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் மருதையாறு, வெள்ளாறு, அவற்றின் ஓடைகள் ஆகியவற்றின் தரைப்பாலங்களில் ஆளை நிறுத்துவதற்கு, மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மழைமானி உள்ள ஊர்களில் காலை எட்டரை மணிக்கு அளவைக் குறித்து வைத்தல் அவசியம். காப்பீடு செய்த நிலம் வெள்ளத்தில் மூழ்கினாலும், அறுத்துக் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் மழையில் நனைந்தாலும், 72 மணி நேரத்துக்குள் நஷ்டத்தைத் தெரிவிக்க வேண்டும். பாலம் மூழ்கி வழி அடைபட்டாலும் அக்கெடு நிற்பதில்லை. எனவே காப்பீட்டுச் சீட்டின் எண்ணையும், நிலத்தின் சர்வே எண்ணையும் மழைக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருக்க வேண்டும்.