வான்வழித் தொலைவும் பயண நேரமும்: திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கணக்கு

வணிகவியலில் செலவை நிலைச் செலவு, மாறும் செலவு என இரண்டாகப் பிரிப்பதுண்டு. கடைவாடகை நிலைச் செலவு. விற்பனை கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது. கொள்முதல் மாறும் செலவு. விமானப் பயண நேரத்தையும் இவ்வாறே பிரித்துப் பார்க்கலாம்.

திருவனந்தபுரம், கொச்சி விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கடக்க 14 நிமிடங்கள் போதும். ஆயினும் நேரடி விமானத்தின் கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறிக்கப்படும். ஏன்?

விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வது முதல், சேருமிடத்தில் வந்து நிற்பது வரையுள்ள நேரமே அட்டவணையில் இடம்பெறுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், கீழிறங்குவதும் அதில் அடங்கும். குறுந்தொலைவில் முழு வேகத்தை எட்டியதும் இறங்கத் தொடங்க வேண்டியதுதான். மேலும், கொச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. தெற்கிலிருந்து செல்லும் விமானம் திரும்பித்தான் அதற்கு நேராக வர இயலும்.

இனி வீட்டிலிருந்து கணக்கிடுவோம். விமான நிலையம் செல்ல அரை மணி, பயணப்பதிவுக்கும் சோதனைக்கும் ஒன்றரை மணி, இறங்கிப் பெட்டியைப் பெற அரை மணி, நெடும்பாசேரியிலிருந்து எர்ணாகுளம் நகருக்கு ஒரு மணி என்று கொள்வோம். இம்மூன்றரை மணியே நிலைச் செலவு. விமானத்தின் ஒரு மணியையும் சேர்த்தால் மொத்தம் நான்கரை மணி. வந்தே பாரத் ரயில் எர்ணாகுளத்தை ஏறத்தாழ மூன்றேகால் மணியில் அடைகிறது. நிலையத்துக்குச் சென்றுவர ஒரு மணி சேர்த்தாலும் ரயிலே சற்று முந்துகிறது.

சென்னைக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 610 கிலோமீட்டர். கொச்சியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் அட்டவணை நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணிதான். நிலைச் செலவு அதே மூன்றரை மணி என்றால் மொத்தம் ஐந்து மணி. ரயிலுக்கோ பொதுவாகப் 15 மணிக்கு மேல் ஆகும். தொலைவு கூடும்போதுதான் விமானக் கட்டணத்துக்குரிய பயன் கிட்டுகிறது.

திருவனந்தபுரத்துக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி விழாக்களில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. ஆண்டுக்கு இருமுறை அதற்காக விமான நிலையம் சில மணி நேரம் மூடப்படும். விமான நேரங்களும் மாற்றப்படும்.

அறுவை சிகிச்சை, பத்திரப் பதிவு, நேர்முகத் தேர்வு என நாள் தவறக்கூடாத பயணங்கள் நம் வாடிக்கையாளர் பலருக்கும் வாய்க்கும். அப்போது சீட்டு எடுக்குமுன் வீட்டு வாசலிலிருந்து சேருமிடத்து வாசல் வரையுள்ள நேரத்தை ஒரு தாளில் கூட்டிப் பார்ப்போம். உள்நாட்டு விமானங்களுக்குப் பயணப்பதிவு முகப்பு பெரும்பாலும் 60 நிமிடம் முன்னரே மூடப்படும் என்பதையும் அதில் குறித்துக்கொள்வோம். பிறகு கட்டணத்தை ஒப்பிடுவோம். மிச்சமாகும் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை ரூபாய் தருகிறோம் என்பது அப்போது தெளிவாகும்.