சீட்டில் இரண்டு எண்கள்

டாக்டர் கையில் பட்டை கட்டிக் காற்று அடிக்கிறார். பிறகு சீட்டில் 150/95 என்று எழுதுகிறார். இது என்ன?

வாகடில் பல இடங்களில் மராத்தி எண்கள் எழுதியிருக்கும். அவை நம்மைக் குழப்பும். சீட்டில் அந்தக் குழப்பம் இல்லை. நாம் வகுப்பில் படித்த எண்கள்தான்.

இதயம் சுருங்கும்போது இரத்தம் குழாயில் பாய்கிறது. அப்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் முதல் எண். அதை மேல் எண் என்பார்கள். இதயம் விரியும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். அளவு பாதரசக் கணக்கு. 120 என்றால், பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும் அழுத்தம்.

மேல் எண் 120-க்கும் கீழ் எண் 80-க்கும் குறைவாக இருந்தால் நல்லது. மேல் எண் 140, கீழ் எண் 90. இரண்டில் ஒன்றைத் தொட்டாலும் அதிகம்தான். நடுவில் இருந்தால் கவனம் வேண்டும். "வயதோடு நூறைக் கூட்டு, அதுதான் உன் பிரஷர்" என்பார்கள் சிலர். நம்பாதீர்கள். அந்தக் கணக்குப்படி 65 வயதுக்காரருக்கு 165 சரி என்றாகிவிடும். அது தவறு.

ஒரு முறை ஏறியிருந்தால் உடனே நோய் என்று சொல்ல முடியாது. படியேறி வந்ததும் பார்த்தால் கூடத்தான் காட்டும். அரை மணி நேரம் முன்பிருந்தே டீ, பீடி, புகையிலை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு பார்க்கச் சொல்லுங்கள். வேறொரு நாளும் பாருங்கள்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அக்காவுக்கு 160/100. மாத்திரையைப் பத்து நாளில் நிறுத்திவிட்டார்.

"ஏன்க்கா நிறுத்தினீங்க?"

"தலை சுத்தலை, மயக்கம் இல்லை. எதுக்கு மாத்திரை?"

பிரஷர் பெரும்பாலும் வலிக்காது. சத்தமில்லாமல் மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எண்தான் நமக்குச் சொல்லும். மாத்திரையால் எண் இறங்கினாலும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அக்கா இப்போது மாத்திரை போடுகிறார். சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். எண் எதுவானாலும் காத்திருக்க வேண்டாம்.

பிம்ப்ரியில் மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம் அது. ஊரில் உள்ள அம்மா, அப்பாவுக்கு அது கிடைக்கிறதா என்று போனில் கேளுங்கள்.

கடைசியாக உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும். அது ஒரு சின்னக் கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடாபாவ் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இதில் சேர்த்திதான்.

உங்கள் வீட்டில் நாலு பேர் என்றால் நாளைக்கு 20 கிராம். முப்பது நாளைக்கு 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? பிரித்த தேதியைப் பொட்டலத்தின் மேல் எழுதி வையுங்கள். தீர்ந்ததும் எண்ணிப் பாருங்கள்.